புது வண்டி ஒழுகாது

என்று சத்தியம் பண்ணாத குறையாக நாலு பேர் முன்னால் சொன்னவன் நான். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத என் காரிலிருந்து அப்போது எஞ்சின் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. தரையில் கறை இருந்தது. விவரம் தெரிந்த ஒருவர் அதை விரலால் தொட்டுக் காட்டி விளக்கமும் சொன்னார். இருந்தும் அந்தக் கறையை அவர் வண்டியின் கணக்கிலேயே எழுதிவிட்டேன். அதன் பிறகு நெடுஞ்சாலையில் ஒரு தப்பு, சர்வீஸ் சென்டரில் ஒரு பொய். மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் எனக்கே வக்காலத்து வாங்குவது போலத் தெரிந்தால், அந்த இடத்தை நம்ப வேண்டாம்.

சென்னையின் தெற்குப் புறநகரில் எங்கள் ஃபிளாட்ஸ். மூன்று மாடி. தரைத்தளம் முழுக்கப் பார்க்கிங். தூணை ஒட்டி என் இடம். அடுத்தது ஒரு பெரியவருடையது. பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். 1997-இல் அது மாநகர் போக்குவரத்துக் கழகமாகப் பெயர் மாறிய பிறகும் பல வருடம் குரோம்பேட்டை பணிமனையில் பஸ் எஞ்சின்களோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். அவரிடம் இருப்பது ஒரு டீசல் அம்பாசடர். உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் நிறுத்தவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப்போய் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிப்பார். பசுமை வரி கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பனியனோடு ஒரு மணி நேரம் ஏதாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காட்சி எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கணக்கு நேராகாது. என் வண்டி முத்து வெள்ளை. ஏழு வருட இ.எம்.ஐ. டெலிவரி எடுத்த அன்று கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியதிலிருந்து, அதன் பக்கத்தில் ஒரு பழைய அம்பாசடர் நிற்பது என் வண்டிக்கு ஏதோ குறை என்றே எனக்குப் பட்டது. பின்சீட்டின் பாலித்தீன் உறையை மாமியார் பலமுறை சொல்லியும் கழற்றாமல் வைத்திருந்தவன் நான். அசோசியேஷனில் பொருளாளரும் நான்தான்.

மழைக்காலத்துக்கு முன்பு பார்க்கிங்கில் புது பேவர் பிளாக் பதித்தோம். பதித்துக் கொஞ்ச நாளிலேயே பெரியவர் இடத்தின் ஓரத்தில் ஒரு திட்டு தெரிந்தது. உள்ளங்கை அளவில் ஆரம்பித்து முறமளவு ஆயிற்று. பேவர் பிளாக் ஆயிலைக் குடித்துவிடும். சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. வாட்ச்மேன் என்னிடம் வந்து சொன்னார். எந்த வண்டி என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!

இப்போது யோசித்தால் நடந்தது சுலபமாகப் புரிகிறது. எங்கள் பார்க்கிங் தரைக்குத் தூண் பக்கத்திலிருந்து வாசல் சாக்கடைப் பக்கம் ஒரு சரிவு உண்டு. தினமும் காலையில் கார் துடைக்கிற பையன் முதலில் என் வண்டிக்குத் தண்ணீர் அடிப்பான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலிருந்து இரவு முழுக்க என் வண்டிக்கடியில் சொட்டியிருந்த ஆயில் அந்தத் தண்ணீரின் மேல் மிதந்து, சரிவில் இறங்கி, பெரியவர் இடத்தில் போய்ப் படியும். என் இடம் கழுவிவிட்டது போலிருக்கும். அவர் இடத்தில் கறை நிற்கும். ஆயில் ஒழுகலைத் தேடுகிற மெக்கானிக்குகளுக்கு இது பாலபாடம்: ஆயில் தெரிகிற இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலே டாப்பெட் கவர் கேஸ்கெட்டில் கசிந்தது எஞ்சின் பக்கவாட்டில் இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் போய், கடைசியில் எங்கோ அடியில் சொட்டும். அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

பெரியவர் அப்படித்தான் பார்த்தார். நான் அவரிடம் போய், "சார், உங்க வண்டி ஆயில் ஒழுகுது. புதுத் தரை பாழாகுது" என்றதும் கோபப்படவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். ஈரம் காயாத ஒரு துளியை ஆள்காட்டி விரலில் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, வெளிச்சத்துக்கு நேராக என்னிடம் காட்டினார்.

"தம்பி, கலரைப் பாருங்க. என் வண்டி டீசல். ஆயில் மாத்தின கொஞ்ச நாள்லயே மை மாதிரி கருத்துப்போயிடும். இது தேன் கலர்ல இருக்கு. பெட்ரோல் வண்டி ஆயில் இது. அதுவும் மாத்தி ரொம்ப நாளாகாத ஆயில்."

பிறகு தன் வண்டியின் டிப்ஸ்டிக்கை உருவி அதே விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். கருகருவென்று இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

"உங்க வண்டியில ஒரு தடவை இழுத்துப் பாருங்க தம்பி. புது வண்டின்னா ஒழுகாதுன்னு ஒண்ணும் இல்ல."

நான் சொன்ன பதில் இது: "என் வண்டி கம்பெனி சர்வீஸ்ல இருக்கு சார். கம்ப்யூட்டர் வெச்சு செக் பண்றாங்க."

உண்மையில் அன்றுவரை என் வண்டியின் பானெட்டை நான் திறந்ததே இல்லை. திறக்கிற லீவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் நடுவில் ஆயில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பெரும்பாலான கார்களில் அந்த இரண்டு குறிகளுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். என் எஞ்சினுக்கு மொத்தமே மூன்றரை லிட்டர். ஃப்ரீ சர்வீஸில் கூலிதான் ஃப்ரீ. ஆயிலுக்குக் காசு வாங்குவார்கள். அந்த பில்லில் மூன்றரை லிட்டர் என்று போட்டிருந்தது. நான் பார்த்தது அடியிலிருந்த தொகையை மட்டும்.

அந்த மாத அசோசியேஷன் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். "பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும், அவரைக் குறை சொல்லலை" என்று பெரிய மனசோடு பேசுகிற மாதிரி ஆரம்பித்து, வண்டியை வெளியே தெருவில் நிறுத்தச் சொல்லலாம், தரையைச் சுத்தம் செய்கிற செலவை அவர் மெயின்டனன்ஸில் சேர்க்கலாம் என்று முடித்தேன். அவர் மறுத்தார். தன் வண்டிக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்ததாகவும், காலையில் அது காய்ந்தே இருந்ததாகவும் சொன்னார். ஒழுகல் உண்டா இல்லையா என்று பார்க்க அதைவிட எளிய வழி கிடையாது. அதற்கு நான், "காலையில அட்டையை மாத்தி வெச்சிருந்தா யாருக்கு சார் தெரியும்?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பெரியவர் அதற்குமேல் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அவர் பில்லில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைச் சேர்த்து எழுதியது என் கை. மறுநாளே அம்பாசடர் தெருவில், எதிர்வீட்டுப் புங்கமரத்தடிக்குப் போய்விட்டது.

இதுவரை செய்ததை அறியாமை என்று யாராவது பெரிய மனது பண்ணி மன்னிக்கலாம். அடுத்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. தீர்மானம் போட்ட அதே வாரம், ஒரு விடியற்காலையில் ஊருக்குப் போகிறவர்களை பஸ் ஏற்றிவிடக் கீழே இறங்கினேன். கார் துடைக்கிற பையன் இன்னும் வரவில்லை. பக்கத்து இடம் காலி. என் வண்டிக்கடியில், முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால், ஐம்பது பைசா அகலத்துக்கு மினுமினுப்பாக ஒரு வட்டம். பக்கத்திலேயே இன்னொன்று. கார் விற்றவர், "கீழே தண்ணி சொட்டினா பயப்படாதீங்க சார், ஏசி தண்ணிதான்" என்று சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். தொட்டால் தண்ணீர் போல இல்லை. வழுவழுவென்று இருந்தது. தேன் கலர்.

டிக்கியில் கிடந்த பழைய தினசரியை எடுத்து, அதைத் துடைத்து, தாளைச் சுருட்டித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அடுத்த சில காலைகளிலும் அதையே செய்தேன். சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணவில்லை. பண்ணினால் ஜாப் கார்டு போடுவார்கள்; வண்டியை எடுத்துப்போவார்கள்; ஏன் என்று வாட்ச்மேன் கேட்பார்; கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்த் தீர்மானத்தைக் காப்பாற்ற, பத்து லட்ச ரூபாய் வண்டியின் எஞ்சினைப் பணயம் வைத்தேன். அப்போது அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தெரியவில்லை. இவ்வளவு சொட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். நின்றிருக்கும்போது சொட்டுவதைத்தான் நான் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது, சுழல்கிற கிராங்க்கைச் சுற்றி அதைவிட வேகமாகப் போவதை யார் பார்த்தது?

அப்புறம் விழுப்புரத்தில் மச்சினிக்கு வளைகாப்பு வந்தது.

பரனூர் டோல்கேட்டில் நீண்ட வரிசை. மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கையில், டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. கேட்டைத் தாண்டி வேகமெடுத்ததும் அணைந்தது. "அது என்னங்க சிவப்பா?" என்றாள் மனைவி. "சென்சார் கோளாறா இருக்கும்" என்றேன். அணைந்ததே அதற்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் அடியில் சம்ப்பில் தேங்கியிருக்கும் ஆயிலை ஒரு பம்ப் உறிஞ்சி, கிராங்க் பேரிங்குகளுக்கும் மேலே கேம்ஷாஃப்டுக்கும் தள்ளுகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் நடுவில் மெல்லிய ஆயில் படலம் நிற்பது அந்த அழுத்தத்தால்தான். வீட்டுச் சம்ப்பில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனால் மோட்டார் நடுநடுவே காற்றை இழுக்குமே, அதே கதைதான் இங்கேயும். வண்டி ஊரும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும்; சூட்டில் ஆயிலும் இளகியிருக்கும்; அழுத்தம் விழும்; விளக்கு மினுக்கும். வேகமெடுத்தால் பம்ப் வேகமாகச் சுற்றி அழுத்தத்தை ஒப்பேற்றிவிடும்; விளக்கு அணையும். ஆயில் ஒரு சொட்டும் கூடியிருக்காது. மஞ்சள் விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டர்வரை ஓட்டிப் போகலாம். இந்தச் சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் இதுவும் இருந்தது. கையேடு டேஷ்போர்டு அறையில் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

மேல்மருவத்தூரில் மினுக்கியது. ஆத்தூர் சுங்கச்சாவடியில் மினுக்கியது. அதைத் தாண்டிய பிறகு அணையவே இல்லை. கூடவே எஞ்சினிலிருந்து தையல் மெஷின் மாதிரி டிக்டிக்கென்று ஒரு சத்தம். நான் பாட்டு வால்யூமைக் கூட்டினேன். அந்த நேரத்தில் என் மனதில் எஞ்சின் இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால், "புது கார் வழியிலேயே படுத்துடுச்சாமே" என்ற பேச்சு வருமே என்பதுதான் இருந்தது. வெயிலில் நிற்க வேண்டாம், நிழல் கிடைக்கட்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சில கிலோமீட்டர் ஓட்டி, ஒரு புளியமரத்தடி டீக்கடையில் நிறுத்தினேன்.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் சத்தத்தைக் கேட்டுத் தானாகவே எழுந்து வந்தார். பானெட் லீவரை எனக்கு அவர்தான் காட்டித் தந்தார். டிப்ஸ்டிக்கை உருவினார். துடைக்கத் தேவையே இருக்கவில்லை. நுனியில் ஈரம்கூட இல்லை.

"என்னா சார், காஞ்சு கெடக்கு! லைட்டு எரியலையா?"

"இப்பதாண்ணே எரிஞ்சுது."

பின்சீட்டிலிருந்து மகளின் குரல்: "இல்லப்பா, டோல்கேட்லயே எரிஞ்சுதே." லாரி டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு டிப்ஸ்டிக்கைச் செருகிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார். மனைவியும் மகளும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். நான் ரிகவரி வண்டிக்காகக் காத்திருந்தேன்.

சர்வீஸ் சென்டரில் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. கவுன்டரில் இருந்த பையனிடம் குரலை உயர்த்தினேன். புது வண்டியில் ஆயில் ஒழுகுகிறது, எனக்கு வேறு வண்டி வேண்டும், இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 2019-ஆம் வருடச் சட்டம் எனக்குத் தெரியும் என்றெல்லாம் முழங்கினேன். சட்டத்தின் பெயர்தான் தெரியும். பிறகு வக்கீல் நண்பன் ஒருவன் சொன்னான்: 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், உத்தரவாத நிபந்தனை பழுதான பாகத்தை மாற்றித் தருவதைத்தான் குறிக்கிறது, வண்டியையே மாற்றுவதை அல்ல என்று சொல்லியிருக்கிறது. தயாரிப்புக் குறை என்று வழக்காடினால் நிரூபிக்க வேண்டியவனும் நான்தான். "லைட் எரிஞ்ச பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினேன்னு முதல் கேள்வியே கேப்பாங்க" என்றான்.

சர்வீஸ் அட்வைசர் அதை அன்றே கேட்டுவிட்டார். ஜாப் கார்டை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "லைட் எரிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டீங்கள்ல சார்?" என்றார். ஒழுகியது அவர்கள் பொறுப்பு; எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் ஓட்டிக் கெடுத்துக்கொண்டது பொதுவாக உத்தரவாதத்தில் வராது. அது எனக்குப் புரிந்திருந்தது. "உடனே ஆஃப் பண்ணிட்டேன்" என்றேன். எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

வண்டியைக் கழுவி லிஃப்டில் ஏற்றினார்கள். எஞ்சினுக்குள் உண்டாகும் வாயு வெளியேறும் பிரீதர் பாதை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயில் பிதுங்குமாம். அது சரியாக இருந்தது. ஒழுகல் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலில். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்குள்ளே, ஃபிளைவீலுக்குப் பின்னால் அது இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, ஃபிளைவீலை எடுத்தால்தான் அதைத் தொட முடியும். சீல் விலை சில நூறு ரூபாய்தான், வேலைதான் பெரிது. கழற்றி எடுத்ததை ஒரு இளைஞர் என் கையில் வைத்தார். வளையல் போன்ற ரப்பர் வளையம். உள்விளிம்பில் மெல்லிய உதடு. அதன் முதுகில் முடி போன்ற கம்பிச் சுருள், உதட்டைக் கிராங்க்கோடு அழுத்திப் பிடிக்க. ஓரிடத்தில் அந்த உதடு நக நுனி அளவுக்கு உள்பக்கம் மடிந்திருந்தது. பொருத்தும்போதே மடிந்திருக்க வேண்டும் என்றார். அவ்வளவு சின்னதுதான்.

சம்ப்பைக் கழற்றி அடியில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பார்த்தார்கள். மினுங்கவில்லை. புது ஆயில் ஊற்றி, கேஜ் வைத்து அழுத்தம் அளந்தார்கள். சரியாக இருந்தது. "தப்பிச்சீங்க சார். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா பேரிங் பிடிச்சிருக்கும்" என்றார் அந்த இளைஞர். அவர் ஜாப் கார்டைப் படித்திருக்கவில்லை போல. பைசா வாங்காமல் வண்டியைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்குக் கிடைத்த நியாயமற்ற பரிசு. தரையில் புதுக் கறை விழவில்லை. "பாத்தீங்களா, அம்பாசடரை வெளிய நிறுத்தினதும் தரை எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார் செகரட்டரி. நான் மறுக்கவில்லை. சிரித்துத் தலையாட்டினேன். என் வண்டி பழுது பார்க்கப்போன விஷயத்தை, "ரெகுலர் சர்வீஸ்" என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஒரு மாலை பெரியவர் தெருவில், பானெட்டுக்கு மேல் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே நின்ற வண்டியில் எலி புகுந்து வயரைக் கடித்திருந்தது. நான் தாண்டிப் போயிருக்கலாம். பல நாள் அப்படித்தான் போனேன். அன்று நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். தினசரித்தாளால் துடைத்தது உட்பட.

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "முன் சீலா, பின் சீலா?"

"பின் சீல் சார்."

"கியர்பாக்ஸ் இறக்கியிருப்பாங்களே. கிளட்ச் பிளேட்ல ஆயில் பட்டிருந்துச்சா? பாத்தாங்களா?"

பார்த்தார்கள், படவில்லை என்றேன். தலையாட்டினார். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. உங்களுக்கும் காட்டினேன். அத்தனை பேர் முன்னாடி சொன்னதை இப்ப மழையில வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? கூட்டத்துல சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் எழுந்தேன். அப்போதும் புத்தி நேரே போகவில்லை. "அந்த ஆயில் விஷயத்துல நாம எல்லாருமே கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம்" என்று ஆரம்பித்தேன். செகரட்டரி உடனே, "நாங்க எங்க சார் அவசரப்பட்டோம்? நீங்கதானே சொன்னீங்க?" என்றார். அதன் பிறகு வழி இல்லை. என் வண்டிதான் ஒழுகியது, அது தெரிந்த பிறகும் மறைத்தேன், அட்டையைப் பற்றிச் சொன்னது அபாண்டம் என்று சொன்னேன். பழைய தீர்மானத்தை ரத்து செய்து மினிட்ஸில் காரணத்தோடு எழுதினோம். ஆயிரத்து ஐந்நூறை என் கையிலிருந்து கொடுத்தேன். பொருளாளர் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொண்டார். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. பெரியவர் மினிட்ஸின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே வண்டியை உள்ளே கொண்டுவந்தார். எங்களுக்குள் சிநேகம் ஒன்றும் மலர்ந்துவிடவில்லை. பார்த்தால் பேசுவார்; டிப்ஸ்டிக் பார்த்தீர்களா என்று கேட்பார். வயரிங் செலவைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன்: பெரியவர் வண்டி ஒரு பளபளக்கும் புது ஜெர்மன் காராக இருந்து, என்னுடையது பழைய மாருதியாக இருந்திருந்தால்? கறையைப் பார்த்த மறுநிமிடமே என் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருப்பேன். கைலி கட்டிக் குந்தியவருக்கு எஞ்சின் தெரியும், எனக்குத் தெரியாது. அதையும் மீறி, என் பேச்சு எடுபட்டதற்கு என் வண்டியின் வயதும் நான் சட்டை இன் பண்ணி நின்றதும் போதுமாக இருந்தது. கூட்டத்தில் ஒருவர்கூட என் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

மீதி இருப்பது சர்வீஸ் சென்டரில் சொன்ன பொய். அதைத் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் மிச்சமிருக்கும் உத்தரவாதத்தில் கைவைப்பார்களோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த வண்டியை ஒருநாள் விற்பேன். வாங்க வருகிறவர், "எஞ்சின்ல ஏதாவது கைவெச்சிருக்கா சார்?" என்று கேட்பார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். என் வாய் அப்போது என்ன சொல்லும் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. அதனால் அந்த ஜாப் கார்டை ஆர்.சி.யோடும் இன்சூரன்ஸோடும் ஒரே கவரில் வைத்திருக்கிறேன். 'விளக்கு எரிந்ததும் நிறுத்தப்பட்டது' என்ற வரியைப் பேனாவால் அடித்து, பரனூரில் மினுக்கியது, ஆத்தூர் தாண்டி அணையாமல் எரிந்த பிறகும் ஓட்டினேன் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆர்.சி.யைக் கேட்கிறவர் கையில் அதுவும் சேர்ந்தே போகும். விலையை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.